செங்கடற்கும் நைலாற்றுக்கும் இடைப்பட்ட சுரம்

யவனர் வாணிகம் பற்றி நம் நாட்டில் எழுந்த நூல்களும் கட்டுரைகளும் பல. அவற்றுட் பெரும்பாலானவை முசிறித் துறையிற் கலம் ஏறிப் பருவக்காற்றின் துணையோடு மேற்றிசை சென்று, செங்கடலை அடைந்த அளவில் ஒரே பாய்ச்சலாக அலெக்சாந்திரியாவிலும் உரோமிலும் கரையேறிவிடுகின்றன. மிளகு கலத்தினின்று இறங்கிய இடத்திற்கும் நைலாற்றுப் படகில் மீண்டும் ஏறிய இடத்திற்கும் நடுவே மலையும் மணலும் செறிந்த ஒரு பெருநிலம் கிடத்தலை அவை நினைப்பதில்லை. கடல் கடந்த மிளகு, பன்னிரண்டு நாள் ஒட்டகத்தின் முதுகில் அந்நிலத்தைக் கடந்தது. வாணிகத்தின் வரலாற்றில் மிக்க இடர் நிறைந்த பகுதி கடலா இவ்வழியா என்று வினவின், விடை கூறுதல் எளிதன்று. இவ்வழியின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, எகிப்தில் கிடைத்த தமிழெழுத்துச் சான்றுகளை இவ்வழியோடு வைத்து எடைபோடுதலே இக்கட்டுரையின் நோக்கம். அச்சான்றுகள் அண்மைக் காலத்தில் மேடைதோறும் பேசப்படுகின்றன. பேசப்படும் அளவிற்கு அவை ஆராயப்படவில்லை என்பது எம் கருத்து.

எகிப்து நாட்டின் கீழைப் பாலை, நைலாற்றிற்கும் செங்கடற்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது. பாலை என்றவுடன் அலையலையாகப் பரந்த மணற்குன்றுகளை எண்ணுதல் நம் வழக்கம். இஃது அத்தகையதன்று. கருங்கல்லும் செங்கல்நிறப் பாறையுமாகிய மலைத்தொடர் ஒன்று கடற்கரையை ஒட்டி ஓடுகின்றது. அதன் உயர்ந்த முடி இரண்டாயிரம் மீட்டருக்கும் மேற்பட்டது. மலைகளின் இடையிடையே அராபியர் 'வாதி' என வழங்கும் வறண்ட காட்டாற்றுப் படுகைகள் வளைந்து செல்கின்றன. வழிப்போக்கர்க்கு அப்படுகைகளே பெருவழி. பல ஆண்டுகட்கு ஒருமுறை மலைமேற் பெய்யும் மழை, சில நாழிகைக்குள் படுகை முழுவதையும் வெள்ளமாக்கி மறைந்துவிடும். நீரின்மையால் மாளும் நிலத்தில் நீரால் மாளும் இடரும் உண்டு என்பது இந்நிலத்தின் இயல்பு.

ஈண்டு ஒரு சொல் நோக்கற்பாலது. கிரேக்க மொழியில் 'ஒரோஸ்' என்பது மலையைக் குறிக்கும் சொல். எகிப்தில் வாழ்ந்த கிரேக்கரோ அச்சொல்லையே பாலைக்கும் வழங்கினர். ஆற்றங்கரை வயலினின்று நிமிர்ந்து நோக்குவார்க்கு மேட்டுநிலம் யாவும் பாலையாகவும், பாலை யாவும் மலையாகவும் தோன்றியமையின் இவ்வழக்கு எழுந்தது. தமிழிற் 'சுரம்' என்னும் சொல்லின் நிலையும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. அது பாலை நிலத்தையும் குறிக்கும். கடத்தற்கரிய வழியையும் குறிக்கும். மலையாள மொழியில் இன்றும் மலைக் கணவாய்க்குப் பெயராய் நிற்கின்றது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுதலையும் நாம் அறிவோம். ஆதலின் 'ஒரோஸ்' என்பதனைத் தமிழாக்க வேண்டின் 'சுரம்' என்பதினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது. அகராதி வேலை செய்வோர் இதனை மனங்கொள்வாராக.

செங்கடலின் வடகோடியில் எகிப்தின் தலைநகர்க்கு அணித்தாகத் துறை அமைத்தலை விடுத்து, தென்கோடியிற் பெரனிகே என்னும் துறையை அமைத்தது ஏன்? காற்றே காரணம். செங்கடலின் வடபகுதியில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கினின்றே காற்று வீசும். இந்தியாவினின்று மீளும் கலம் அக்காற்றை எதிர்த்து, பவளப்பாறைகள் நிறைந்த கடலிற் பல நாள் திணறவேண்டும். அதனினும், தெற்கிலேயே சரக்கை இறக்கி ஒட்டகத்தின்மேல் ஏற்றுவது நலம் என வணிகர் கண்டனர். ஆயினும் இத்துறை முதலில் எழுந்தது மிளகிற்காக அன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தாலமி பிலதெல்பசு என்னும் மன்னன் போர்யானைகளை ஆப்பிரிக்கக் கரையினின்று கொணர்தற் பொருட்டு இதனை அமைத்துத் தன் தாயின் பெயரை இட்டான். யானைக்கென வகுத்த வழியே பின்னர் மிளகிற்கு உதவிற்று.

இவ்வழிகளின் பழமை கிரேக்கர்க்கும் முற்பட்டது. எட்ஃபு நகரின் கிழக்கே கனாயிஸ் என்னுமிடத்தில், கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் சேத்தி, பொற்சுரங்கத்திற்குச் செல்வோர் நீரின்றி வருந்துதலை எண்ணிக் கிணறு அகழ்வித்துப் பாறையிற் கோயிலும் குடைவித்தான். நான்காம் இராமேசசின் காலத்துப் பாப்பிரசு வரைபடம் ஒன்று இத்தாலியிலுள்ள தூரின் நகர அருங்காட்சியகத்தில் உளது. ஹம்மாமாத் படுகையின் மலைகளையும் பொற்சுரங்கத்தையும் கற்சுரங்கத்தையும் வண்ண வேறுபாட்டால் அது காட்டுகின்றது. உலகிற் கிடைத்துள்ள மிகப் பழைய வரைபடங்களுள் ஒன்று இச்சுரத்தைப் பற்றியதாய் இருத்தல் வியப்பன்று; வழி தப்பினார் மீளாத நிலத்திற்கே வரைபடம் முதலில் வேண்டப்படும். கனாயிசுக் கோயிலின் அருகே பிற்காலக் கிரேக்கர் பலர் தம் பெயரைப் பொறித்துள்ளனர். அவர்கள் பான் என்னும் தெய்வத்தை 'நல்வழித் தெய்வம்' எனப் போற்றி, உயிரோடு மீண்டமைக்கு நன்றி கூறுகின்றனர். யூதர் இருவரும் அங்குத் தம் கடவுட்கு நன்றி பொறித்தனர். அவருள் ஒருவன் கடலினின்று தப்பியதைக் குறிக்கின்றான்.

ஸ்திராபோ கி.மு. 25 அளவில் எகிப்தின் தென்னெல்லைவரை ஆளுநரோடு பயணம் செய்தவர். மியோஸ் ஹோர்மோஸ் என்னும் துறையினின்று 120 கலங்கள் இந்தியாவிற்குச் செல்லுதலை அவரே குறிப்பிடுகின்றார். முற்காலத்து ஒட்டக வணிகர் கடலோடிகளைப் போல விண்மீன்களை நோக்கி இரவில் வழிநடந்தனர் என்றும், நீரையும் உடன் சுமந்தனர் என்றும், தம் காலத்தில் ஆழக் கிணறுகள் அகழப்பட்டு மழைநீர்த் தொட்டிகளும் கட்டப்பட்டன என்றும் அவர் கூறுவர். நூறாண்டுக்குப் பின் எழுதிய பிளினி, நைற்கரையிலுள்ள கோப்தோசினின்று பெரனிகே 257 உரோம மைல் எனவும், பன்னிரண்டு நாட் பயணம் எனவும், வெம்மையால் பெரும்பகுதி இரவிலேயே நடந்தது எனவும், இடையிலுள்ள நீர்நிலையம் ஒன்று 2000 பேர்க்கு இடந்தருவது எனவும் உரைப்பர். 257 உரோம மைல் ஏறத்தாழ 380 கிலோமீட்டர். ஓர் இரவிற்கு முப்பதுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் நடந்தாலன்றிப் பன்னிரண்டு நாளில் இத்தொலைவு கடக்கலாகாது. மியோஸ் ஹோர்மோசு வழி இதனினும் குறுகியது. ஆறேழு நாளில் முடிவது.

ஓர் ஒட்டகம் இருநூறு கிலோ சுமக்கும் எனக் கொள்வோம். நூறு டன் சரக்கிற்கு ஐந்நூறு ஒட்டகங்கள் வேண்டும். ஒட்டகம் சில நாள் நீரின்றித் தாங்கும், ஒட்டகக்காரன் தாங்கான். காவலரும் கழுதைகளும் தாங்கா. ஆகவே இவ்வாணிகம் முழுவதும், இறுதியில், குறிப்பிட்ட சில இடங்களில் நிலத்தடி நீர் கிடைத்தலையே பற்றி நின்றது. இதனை மெய்ப்பிக்கும் கல்வெட்டு ஒன்று சிக்கேத் என்னுமிடத்துச் சிறு கோட்டையின் வாயிலிற் கிடைத்தது. வெஸ்பாசியன் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு, அதாவது கி.பி. 76/77இல், எகிப்தின் ஆளுநனாகிய யூலியசு உர்சுசு பெரனிகேயினின்று மீளுங்கால் இவ்விடத்தில் நீரைத் தேடுமாறு பணித்தான் என்றும், நீர் கிடைத்த பின்னர்க் கோட்டையும் தொட்டிகளும் கட்டப் பணித்தான் என்றும் அஃது உரைக்கின்றது. முதலில் நீர்; பின்னர்க் கோட்டை. உரோமப் பேரரசின் ஆளுநன் ஒருவன் இச்சுரத்தைத் தானே கடந்து, கிணற்றுக்கு இடம் பார்த்த செய்தி, அரசின் கருவூலத்திற்கு இவ்வழி எத்துணை இன்றியமையாதது என்பதை எந்த வரிக்கணக்கினும் தெளிவாகக் காட்டும்.

இத்தகைய சிறு கோட்டைகள் பல இவ்வழிகளில் இன்றும் இடிபாடாக நிற்கின்றன. காரை இன்றி அடுக்கிய கல்மதில், நான்கு மூலையிலும் காவற்கோபுரம், நடுமுற்றத்தில் அகன்ற கிணறு, மதிலை ஒட்டிச் சிற்றறைகள் என்பனவே அவற்றின் அமைப்பு. கிணற்றினின்று வாரிய மணலும் அடுப்புச் சாம்பலும் உடைந்த சாடிகளும் வாயிலின் புறத்தே குப்பைமேடாகக் குவிந்தன. அக்குப்பைமேடுகளே ஆராய்ச்சியாளர்க்குக் கருவூலம் ஆயின. 1994 தொடங்கி எலேன் குவிஞி என்னும் பிரெஞ்சு அறிஞர் தலைமையில் அல்-சர்க்கா, அல்-முவைக், தித்துமோய் முதலிய கோட்டைகள் அகழப்பட்டு, மையால் எழுதிய பானை ஓடுகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்தன. பாப்பிரசு விலைமிக்கது, உடைந்த சாடியோ காலடியிற் கிடப்பது. ஆதலின் படைவீரர் ஓட்டிலேயே மடல் எழுதினர். கீரை அனுப்புக என்று ஒருவன் எழுதுகின்றான். குதிரைவீரர் அஞ்சல் கொண்டு சென்ற நாளும் நாழிகையும் மற்றோர் ஓட்டிற் குறிக்கப்படுகின்றன. பிலோக்கிளிஸ் என்னும் ஒருவன் கோட்டைதோறும் காய்கறி விற்றதோடு, மகளிரை வாடகைக்கு அனுப்பியும் பொருள் ஈட்டினான். அல்-முவைக்கிற் கிடைத்த ஒரு சாடி ஓட்டில், கி.பி. 118இல் அறுபது பேர் கொண்ட பாலைக் கூட்டம் ஒரு கோட்டையைத் தாக்கிப் பெண்ணையும் சிறாரையும் கவர்ந்து சென்ற செய்தி படியெடுத்து வைக்கப்பட்டுள்ளது. அது பக்கத்துக் கோட்டைகட்கு அனுப்பிய எச்சரிக்கை. அச்சுற்றறிக்கை வந்த இரவில் அச்சிறு மதிலினுள் இருந்தோர் கண்ணுறங்கியிரார்.

கோப்தோசில் கிடைத்த கி.பி. 90ஆம் ஆண்டுக் கட்டணக் கல்வெட்டு அறிஞர் பலராலும் எடுத்தாளப்படுவது. இவ்வழியிற் செல்லும் செங்கடற் கலத்தலைவனுக்கு 8 திரக்மா, கடலோடிக்கு 5 திரக்மா, ஒட்டகச் சீட்டிற்கு 1 ஒபோல் என்றவாறு அதிற் பட்டியல் உண்டு. கணிகையர்க்கு மட்டும் 108 திரக்மா. இதுபற்றி நகைச்சுவையாக எழுதினார் பலர். எம் உள்ளத்தைக் கவர்ந்தது மற்றொரு வரி: பாய்மரம் ஒன்றிற்கு 20 திரக்மா. செங்கடற் கரையில் மரம் இல்லை. ஆகவே கலத்திற்கு வேண்டிய நெடுமரம் நைற்கரையினின்று இம்மலைப்படுகைகளின் வழியே வளைவுதோறும் திருப்பித் திருப்பிக் கொணரப்பட்டது. மறுதலையாக, பெரனிகேயில் இந்தியத் தேக்கு பெருவாரியாகக் கிடைத்துள்ளது. பழுதுற்ற கலங்களைப் பிரித்த மரம் வீட்டுச் சுவர்க்கு உதவிற்று. துறைகளில் உண்ணும் கோதுமையும் நைலினின்றே சென்றது. நிக்கானோர் என்பானும் அவன் குடும்பத்தாரும் நடத்திய ஒட்டகப் போக்குவரத்தின் சீட்டுகள் பல கோப்தோசில் கிடைத்துள்ளன, கி.பி. முதல் நூற்றாண்டின் பெரும்பகுதியைத் தழுவிய அவை, பெரும்பாலும் துறைகட்கு உணவு கொண்டு சென்றதைக் காட்டுவன. மிளகைப் பேசும் நாம் இக்கோதுமையையும் பேசல் வேண்டும். ஒட்டகம் வெறுமுதுகோடு துறைக்குச் செல்லவில்லை.

முசிறிப் பாப்பிரசு பற்றித் தமிழறிஞர் அறிவர். வியன்னா நூலகத்தில் உள்ள அதனை ஹராவர், சைப்பெசுத்தைன் என்னும் இருவரும் 1985இல் வெளியிட்டனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த அதன் ஒருபுறம் கடன் உடன்படிக்கை. மறுபுறம் ஹெர்மப்பொல்லோன் என்னும் கலத்திற் கங்கைச் சடாமாஞ்சில் அறுபது பெட்டிகளும் யானைத் தந்தமும் வந்த கணக்கு. நம்மவர் அதன் மறுபுறத்தையே மிகுதியும் எடுத்தோதுவர். ஆயிரத்திற்கு மேற்பட்ட தாலந்து என்னும் பெருந்தொகை அங்குள்ளது அன்றோ! எமக்கோ முன்புறத்தின் ஒரு தொடர் இன்றியமையாததாய்த் தோன்றுகின்றது. சரக்கை நம்பத்தக்க ஒட்டகக்காரனிடம் ஒப்புவித்து, காவலோடும் பாதுகாப்போடும் 'ஒரோசின்' வழியே கோப்தோசிலுள்ள அரசுப் பண்டசாலைக்குக் கொண்டு சேர்ப்பேன் எனக் கடன் கொண்டவன் உறுதி கூறுகின்றான். காற்பங்கு வரி பின்னர் அலெக்சாந்திரியாவில். முசிறிக்கும் கோப்தோசுக்கும் இடைப்பட்ட கடல் முழுவதையும் கடந்து வந்த சரக்கிற்கு, எஞ்சிய சில நாள் நிலவழிக்கென்றே தனியாகக் காவல் உறுதி கேட்கின்றது அவ்வுடன்படிக்கை. மேலே கூறிய 118ஆம் ஆண்டுத் தாக்குதலோடு இதனைச் சேர்த்துப் படிப்பார்க்கு அதன் காரணம் விளங்கும்.

கி.பி. ஆறாம் நூற்றாண்டின் நடுவிற்கு முன்னரே பெரனிகே கைவிடப்பட்டது. அதன் இருப்பிடமும் மறக்கப்பட்டது. 1816இல் கையோ என்னும் பிரெஞ்சுக்காரர் மரகதச் சுரங்கங்களைக் கண்டபின், நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட பாழ்நகர் ஒன்று மலையிடையே உளதென்றும் அதுவே பெரனிகே என்றும் ஒரு செய்தி பரவிற்று. அதனை நம்பி 1818இல் புறப்பட்டவர் இத்தாலியராகிய பெல்சோனி. மலைக்குள் சென்று பார்த்தபோது, ஆங்கு இருந்தது சுரங்கத் தொழிலாளர் சிற்றூரே. கடற்கரையில் அன்றோ துறை இருத்தல் வேண்டும் எனத் தெளிந்து அவர் கிழக்கே சென்றார். மணல் மூடிய மேடுகளையும் ஒரு கோயிலையும் கண்டார். கொண்டு சென்ற நீர் தீரும் நிலையில் இருந்தது. அகழ மண்வெட்டியும் இல்லை. உடன் வந்த சிறுவன் ஒருவனைக் கடற்சிப்பியாற் கோயில் மணலைத் தோண்டச் செய்தார். பெல்சோனி கல்வி மிக்கவர் அல்லர். பிற இடங்களில் அவர் செய்த அழிவும் சிறிதன்று. எனினும், ஆரவாரச் செய்தியை இடத்திற்குச் சென்று ஒத்துப்பார்த்துத் தள்ளியமையும், தமக்குக் கிடைத்த சில நாழிகையில் துறையை உறுதி செய்தமையும் பாராட்டத்தக்கன. 1826இல் வில்கின்சன் அத்துறையின் நிலப்படத்தை வரைந்தார்.

ஒழுங்கான அகழாய்வு தொடங்கியது 1994இல். சைட்போத்தம், வெந்திரிக் என்னும் இருவர் தலைமையில் நிகழ்ந்த அவ்வாய்வில், செராப்பிசு கோயில் வளாகத்தில் இந்தியச் சேமச்சாடி ஒன்றிற் கருமிளகு 7.55 கிலோ இருந்தது 1999இல் வெளிப்பட்டது. நெல்லரிசி, பயறு, தேங்காய் ஆகியனவும் கிடைத்தன. ஆங்கே உரோமச் சாடியின் ஓடு ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்துகள் காணப்பட்டன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் 'கொற்றபூமான்' என்னும் பெயராகப் படித்தார். குசைர் அல்-கதிம் என்னும் துறையில் 1978க்கும் 1982க்கும் இடையே சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் பொறித்த இரண்டு ஓடுகள் கிடைத்தன. 1999 முதல் 2003 வரை சவுதாம்டன் பல்கலைக்கழகத்தார் அதே இடத்தில் அகழ்ந்தபோது, இந்தியச் சேமச்சாடியின் ஓட்டில் 'பானை ஒறி' என இருமுறை எழுதப்பட்டிருந்தது. ஒறி என்பது உறியே என மகாதேவன் விளக்கினார். பழைய நூல்கள் இத்துறையை லியூக்கோஸ் லிமேன் எனக் கூறும். அது மியோஸ் ஹோர்மோசே என்பது பின்னர்க் கோட்டை ஓடுகளாலும் இவ்வகழாய்வாலும் உறுதிப்பட்டது. பழைய நூலைப் பார்த்து எழுதுவோர் இதனைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

இவ்வோடுகள் எகிப்தில் தமிழர் குடியேறி வாழ்ந்தமைக்குச் சான்று எனப் பலரும் எழுதினர். நாமும் வகுப்பறையில் அவ்வாறே கூறி வந்தோம். ஒருநாள் மாணவர் ஒருவர், எழுத்துப் பொறித்த பானையே கலத்தில் ஏறிச் சென்றிருத்தல் கூடாதோ என வினவினார். கூடும் என்பதே நேர்மையான விடை. தமிழகத்துச் சாடியில் தமிழகத்திலேயே பெயர் பொறித்துச் சரக்கோடு அனுப்பியிருத்தல் இயலும். உறி என்னும் இல்லச் சொல்லை எழுதியவன் துறையிற் பானையைத் தொங்கவிட்டவனாகவும் இருக்கலாம். தன் ஊரில் அதனை வனைந்தோனாகவும் இருக்கலாம். சாத்தன் என்னும் பெயரைச் 'சாத்து' என்னும் வணிகக் கூட்டத்தோடு இயைப்பாரும் உளர்; ஒரு பெயரைக் கொண்டு அவன் தொழிலைத் துணிதல் பொருந்தாது. பெரனிகேச் சான்று சற்று வேறுபட்டது. எழுத்து உரோமச் சாடியின்மேல் உளது. மதுவோடு தமிழகம் வந்த சாடி, பெயர் பெற்றுத் திரும்பியது என்பதனினும், துறையிலேயே தமிழன் ஒருவன் அதிற் பெயர் பொறித்தான் என்பது எளிய விளக்கம். எளிய விளக்கம் என்ற அளவிலேயே அதனை நிறுத்தல் தகும். முடிந்த முடிபு எனல் ஆகாது. பானை கைமாறும், கடல் கடக்கும். எழுதியவன் எங்கு நின்றான் என்பதை அது கூறாது.

பாறையின் நிலை அவ்வாறன்று. கோப்தோசு-பெரனிகே வழியில் மெனிக் படுகையிலுள்ள பாறைநிழல் ஒன்றில் வழிப்போக்கர் பலர் பெயர் பொறித்துள்ளனர். காயசு நுமிதியசு ஏரோசு என்பவன் இந்தியாவினின்று மீளுங்கால், சீசரின் இருபத்தெட்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 2இல், தான் ஈண்டு இருந்தமையை எழுதி வைத்தான். அன்னியசு புளோக்காமசு என்பவனின் அடிமையாகிய லைசாசு கி.பி. 6இல் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எழுதினான். இப்புளோக்காமசின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு ஈழத்தை அடைந்தான் எனப் பிளினி கூறுவர். பிளினி அதனைக் கிளாதியசு காலத்ததாக வைக்க, பாறையெழுத்தோ அக்குடும்பத்தை அதற்குப் பல ஆண்டு முன்னரே இவ்வழியில் நிறுத்துகின்றது. மெரதித் 1953இல் இவ்வெழுத்துகளை வெளியிட்ட பின்னரே இம்முரண்பாடு அறிஞர் கண்ணிற் பட்டது. சொக்கோத்திரா தீவின் ஹோக் குகையில் இந்திய வணிகர் பலர் பிராமி எழுத்திற் பெயர் பொறித்தமையும் இவ்வகைச் சான்றே. இவற்றை எழுதினோர் அவ்விடத்தில் நின்றனர் என்பதில் ஐயமில்லை.

இந்நிலையில், தீப்ஸ் நகர்ப்புறத்து மன்னர் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைச் சுவர்களில் இந்திய எழுத்துகள் உளவென்றும், அவற்றுட் பல தமிழ்-பிராமி என்றும் இங்கோ ஸ்திராவுக், சார்லத் ஷ்மித் ஆகிய அறிஞர் அண்மையில் அறிவித்தமை பெரிதும் கருதத்தக்கது. கொற்றன் என்னும் பெயருடையான் ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் தன் பெயரை எழுதியுள்ளான். பெரனிகே ஓட்டில் உள்ள கொற்றனும் இவனும் ஒருவரே எனச் சிலர் துணியக்கூடும். கொற்றன் என்பது பெருவழக்கான பெயர் ஆதலின் அத்துணிபிற்கு இடமில்லை. எமக்கு அதனினும் முதன்மையாய்த் தோன்றுவது இடம். கோப்தோசின் தெற்கே, நைலின் மேல்கரையில், கடற்றுறையினின்று பல நாட் பயணத்தில் உள்ளது அப்பள்ளத்தாக்கு. கடல்வழி வந்த தமிழன் ஒருவன் அச்சுவரின் முன் நின்றான் எனின், அவன் இச்சுரத்தைக் கடந்தே வந்தான் எனக் கொள்ளுதலே இயல்பு. இரவில் நடந்து, கோட்டைக் கிணற்றில் நீர் பருகி, கட்டணச் சீட்டும் பெற்று, யவனர் செய்த அதே பயணத்தைச் செய்தான். துறையில் நின்றுவிட்ட தமிழன் அல்லன் அவன். பானை ஓடுகள் ஐயத்திற்கு இடம் வைத்த செய்தியைச் சுவர் ஐயமின்றித் தருகின்றது. ஆயினும் சுவரில் உள்ளது பயணியின் பெயர். குடியேறி வாழ்ந்தமைக்கு அதுவும் சான்றாகாது.

இனி ஒன்று. அக்கல்லறைகளிலுள்ள கிரேக்க, இலத்தீன் எழுத்துகள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டவற்றைப் பையே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1920களிலேயே வெளியிட்டார். அதே சுவர்களில் இருந்த தமிழ் எழுத்து ஏறத்தாழ நூறாண்டு படிப்பாரின்றிக் கிடந்தது. பார்த்தவர் எவர்க்கும் தமிழ்-பிராமி தெரியாது. தெரிந்தவர் எவரும் பார்க்கவில்லை. கீழைப் பாலையின் பாறைகளும் இந்நிலையில் இருத்தல் கூடும். வின்க்ளர் 1936க்கும் 1938க்கும் இடையே அப்பாறைகளின் ஓவியங்களைப் படியெடுத்தபோது, பாலைக்குடிகள் தம் ஒட்டகங்கட்கு இடும் சூட்டுக்குறிகளையும் தொகுத்தார். கோடும் கவையும் வட்டமுமாகிய அக்குறிகளுக்கும் பிராமி எழுத்துகளுக்கும் உள்ள வடிவ ஒப்புமை, தேர்ந்த கண்ணையும் மயக்கவல்லது. ஒட்டகக்குறி எனத் தள்ளிய ஒன்று எழுத்தாய் இருக்கலாம். எழுத்து என நாம் ஆசைப்படுவது ஒட்டகக்குறியாய் முடியலாம். வெளியான படங்களைத் தமிழெழுத்தியல் பயின்ற ஒருவர் அமர்ந்து முறையாகப் பார்த்தல் வேண்டும். அதற்குப் பாலைக்குச் செல்லவும் வேண்டியதில்லை. முதல் ஆய்வைப் பல்கலைக்கழக நூலகத்திலேயே செய்யலாம்.

களத்திற்குச் செல்லவேண்டிய பகுதியோ காலந்தாழ்த்த இயலாதது. பொன் தேடுவோர் உலோகங்காட்டும் கருவிகளோடு இப்படுகைகளிற் புகுந்து, கோட்டை முற்றங்களையும் குப்பைமேடுகளையும் தோண்டி எறிகின்றனர். கல் வெட்டும் வண்டிகளுக்குப் பழைய வழித்தடமே எளிய பாதையாகிவிட்டது. பாறைநிழல்களில் முன்னோர் பெயர்களின்மேல் இன்றைய சுற்றுலாவினர் தம் பெயரை வண்ணத்தால் எழுதிச் செல்வதும் உண்டு. அவற்றின் அடியில் எவர் பெயர் உளது என்பது இன்னும் பார்க்கப்படவில்லை.